உருமறைப்பும் இயற்கைத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விலங்கின் நிறம், உடற்கோலம், வடிவம், இருக்கும் இடம், அசையாதிருக்கும் பழக்கம் ஆகியவை சேர்ந்து, அதைத் தேடும் கண்ணிலிருந்து அதை ஒளித்து வைப்பதை உருமறைப்பு என்கிறோம். இதைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தின் வெவ்வேறு வடிவங்கள்: திட்டமிடும் அறிவு எதுவும் பின்னால் இல்லாமல் இத்தனை நேர்த்தி எப்படி வரும்? அதற்கான விடையை மறைந்திருக்கும் விலங்கிடம் தேடுவதைக் காட்டிலும், அதைத் தின்ன வரும் விலங்கின் கண்ணிடம் தேடுவதே பயன் தரும்.

மறைந்துகொள்ளும் தேவை இருப்பதால்தான் விலங்கின் நிறம் மாறுகிறதா?

இல்லை. எந்தப் பூச்சியும் மரப்பட்டையைப் பார்த்து, அதுபோல் ஆக வேண்டும் என்று எண்ணித் தன் இறக்கையின் நிறத்தைத் தன் சந்ததிக்கு மாற்றித் தருவதில்லை. ஓர் இனத்துக்குள் சற்றே வெளிறியவையும் சற்றே கறுத்தவையும், புள்ளி மிகுந்தவையும் குறைந்தவையும் எப்போதும் கலந்தே இருக்கின்றன. இந்த வேறுபாடுகளில் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருபவை. வெளிறிய பின்புலத்தில் கறுத்தவை பறவைகளின் கண்ணில் கொஞ்சம் கூடுதலாக அகப்பட்டால், முட்டையிடும் நாள்வரை பிழைத்திருப்பவற்றில் வெளிறியவற்றின் பங்கு கொஞ்சம் உயரும். அவற்றின் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளிறியவையாகவே பிறக்கும். இங்கே மாறுவது தனி விலங்கின் உடலன்று, கூட்டத்தில் ஒவ்வொரு வகையும் பெற்றிருக்கும் பங்கு.

இரைகொல்லியின் கண்ணை ஒரு சல்லடை எனலாம். சல்லடை எதையும் உண்டாக்குவதில்லை. உள்ளதில் எது தங்கும், எது விழும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. சலிப்பதற்குரிய பொருளைத் தருவது மரபணுக்களில் தற்செயலாக நேரும் சடுதி மாற்றங்கள். அவை தற்செயலானவை என்பதால் விளைவும் தற்செயலானது என்று கொள்வதே இந்தத் தலைப்பில் மிகப் பரவலான தவறு. மாற்றம் எந்தத் திசையிலும் நேரலாம். தேர்வுக்கோ ஒரு திசை உண்டு.

ஒரு சிறு வேறுபாட்டினால் கிடைக்கும் பயன் மிகவும் அற்பமானதாயிற்றே. அது எதற்குப் போதும்?

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். நூற்றில் ஒன்றாக இருக்கும் ஒரு நிறவகை, மற்றவற்றைவிடத் தலைமுறைக்கு 1 விழுக்காடு மட்டும் கூடுதலாகச் சந்ததிகளை விட்டுச்செல்கிறது என்று கொண்டால், அது கூட்டத்தில் பாதியாக வளர ஏறத்தாழ 460 தலைமுறைகள் ஆகும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் 460 ஆண்டுகள். மனித வாழ்நாளோடு ஒப்பிட்டால் இது நீண்ட காலம். பாறைகளின் காலக்கணக்கில் கண் சிமிட்டும் நேரம். அதே பயன் 10 விழுக்காடாக இருந்தால் 50 தலைமுறைகளுக்குள் வேலை முடிந்துவிடும். உண்மையில் ஆதிக்க மரபணுவா, ஒடுங்கிய மரபணுவா என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். தொடக்கத்தில் ஒன்றிரண்டே உள்ள நல்ல மாற்றம், நல்லதாக இருந்தும் தற்செயலாக அழிந்துபோவதும் உண்டு. ஆயினும் எதிர்பார்ப்பின் அளவு இதுதான்.

கண்ணெதிரே நடந்ததற்குச் சான்று உண்டா?

உண்டு. அதுவும் மனிதரின் புகையால் நடந்தது. இங்கிலாந்தில் பிஸ்டன் பெட்டுலேரியா என்னும் அந்துப்பூச்சியின் இயல்பான வடிவம், வெள்ளை இறக்கையில் மிளகுத்தூள் தூவியது போன்ற தோற்றம் உடையது. லைக்கன் (மரப்பட்டையில் பாசிபோல் படரும் உயிரி) படர்ந்த மரக்கிளையில் பகல் முழுவதும் அசையாமல் ஒட்டியிருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பது கடினம். 1848-இல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பான ஒரு பூச்சி பதிவு செய்யப்பட்டது. 1895-க்குள் அந்நகரின் இப்பூச்சிகளில் சுமார் 98 விழுக்காடு கறுப்பாகிவிட்டன. இதற்கிடையே நிலக்கரிப் புகை மரங்களில் கரியாகப் படிந்திருந்தது. கந்தக வாயு லைக்கன்களைக் கொன்றிருந்தது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் பூச்சியில், ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட மாற்றம் இது.

பறவைகள் பொறுக்கித் தின்பதே காரணமாக இருக்கலாம் என்று பூச்சியியலாளர் ஜே. டபிள்யூ. டட் 1896-இல் எழுதினார். 1924-இல் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், இந்த வேகத்துக்குக் கறுப்பு வடிவம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததிகளை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அவ்வளவு வலுவான தேர்வு இயற்கையில் இருக்க முடியுமா என்று அன்று பலரும் ஐயுற்றனர்.

1953-இல் உயிரியலாளர் பெர்னார்டு கெட்டில்வெல், பர்மிங்காம் அருகே புகை படிந்த காட்டில், அடையாளமிட்ட பூச்சிகளைப் பறக்கவிட்டுப் பின்னர் பொறிவைத்துப் பிடித்தார். விடப்பட்ட கறுப்புப் பூச்சிகள் 447-இல் 123 திரும்பக் கிடைத்தன. வெளிர்ப் பூச்சிகள் 137-இல் 18 மட்டுமே கிடைத்தன. 1955-இல் டார்செட்டின் தூய்மையான காட்டில் அதே சோதனையைச் செய்தபோது முடிவு தலைகீழானது: வெளிர்ப் பூச்சிகள் 12.5 விழுக்காடும் கறுப்புப் பூச்சிகள் 6.3 விழுக்காடும் திரும்பின. பறவைகள் பூச்சிகளைக் கொத்திச் செல்வதை நிக்கோ டின்பெர்கன் படமும் பிடித்தார்.

இதன் இரண்டாம் பாகம்தான் எனக்கு முதற் பாகத்தைவிட வலுவான சான்றாகப் படுகிறது. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் புகை குறையக் குறையக் கறுப்பு வடிவமும் குறைந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் வாழும் இதே இனத்திலும் காற்று தூய்மையானபோது கறுப்பு வடிவம் அருகியது. ஒரு விளைவு காரணத்தோடு ஏறி, காரணத்தோடு இறங்கி, இரு கண்டங்களில் ஒரே மாதிரி நடக்கும்போது, அதைத் தற்செயல் என்று தள்ளுவது அரிது.

கெட்டில்வெல்லின் ஆய்வு பொய் என்று பிற்காலத்தில் நிறுவப்பட்டுவிட்டது என்கிறார்களே?

அப்படி நிறுவப்படவில்லை, ஆனால் அவர் முறையில் உண்மையான குறைகள் இருந்தன. அவற்றை மறைப்பது அறிவியலுக்கு அழகன்று. அவர் பூச்சிகளைப் பகலில், அடிமரங்களில், இயல்பைவிட அடர்த்தியாக வைத்தார். பூச்சிகள் பெரும்பாலும் பக்கக் கிளைகளில் தங்குபவை. பாடநூல்களில் வந்த புகழ்பெற்ற படங்களில் சில, இறந்த பூச்சிகளை மரத்தில் பொருத்தி எடுக்கப்பட்டவை. இவற்றைச் சுட்டிக்காட்டியவர்கள் பெரும்பாலும் பரிணாம உயிரியலாளர்களே. பரிணாமத்தை மறுப்போர் பின்னர் அதே குறைகளை எடுத்துக்கொண்டு, முழு நிகழ்வும் கட்டுக்கதை என்று பரப்பினர்.

குறைகூறியவர்களில் ஒருவரான மைக்கேல் மஜெரஸ், அந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்துகாட்டத் தாமே முன்வந்தார். 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை இயல்பான அடர்த்தியில், இரவில், அவை தாமே இடம் தேர்ந்துகொள்ளும்படி விட்டு, காலையில் எவை காணாமற்போயின என்று பார்த்தார். பறவைகள் தின்பதைத் தாமே பார்த்துப் பதிந்தார். இயல்பாகத் தங்கியிருந்த பூச்சிகளையும் தேடிக் கணக்கெடுத்ததில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவை அடிமரத்தில் இருந்தன. ஆகவே கெட்டில்வெல் வைத்த இடமும் முற்றிலும் பிழையானதன்று. மஜெரஸ் 2009-இல் காலமானார். நான்கு உயிரியலாளர்கள் அவர் விட்டுச்சென்ற தரவுகளைப் பகுத்தாய்ந்து 2012-இல் வெளியிட்டனர். புகையற்ற அந்த இடத்தில் கறுப்புப் பூச்சிகள் நாளொன்றுக்குப் பிழைக்கும் வாய்ப்பு, வெளிர்ப் பூச்சிகளின் வாய்ப்பைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. குறைகளைக் கண்டவரே பல ஆண்டுகள் உழைத்து, பழைய முடிவே சரி என்று காட்டியதை மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கறுப்பு நிறத்தைப் புகையே உண்டாக்கியிருக்கலாம் அல்லவா?

அவ்வாறு கருதியவர் உண்டு. ஆலைப்புகையில் உள்ள உலோக உப்புகள் படிந்த இலைகளைத் தின்றதால் கறுப்பு உண்டாகிறது என்று ஹெஸ்லப் ஹாரிசன் 1920-களில் வாதிட்டார். அவருடைய முடிவுகளை மற்றவர்களால் மீண்டும் பெற முடியவில்லை. 2016-இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் காரணத்தை டி.என்.ஏ.விலேயே கண்டனர். கார்டெக்ஸ் என்னும் மரபணுவின் பகுதியில், இடம்விட்டு இடம் பெயரும் ஒரு டி.என்.ஏ. துண்டு, சுமார் 22,000 எழுத்து நீளத்தில் செருகிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் கறுப்புப் பூச்சிகள் அந்த ஒரே நிகழ்விலிருந்து வந்தவை என்றும், அது 1819-ஐ ஒட்டி நேர்ந்திருக்கக்கூடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். அந்தப் பகுதியில் உள்ள ஒரு நுண் ஆர்.என்.ஏ.வே (மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறு) நிறத்தை நேரடியாக இயக்குகிறது என்று பின்வந்த ஆய்வுகள் மேலும் நுணுக்கமாகக் காட்டியுள்ளன. ஆக, ஒரு பூச்சியில் ஒருமுறை நேர்ந்த பிழை அது. கரி படிந்த மரம் இல்லாதிருந்தால், அந்தக் கறுப்புப் பூச்சியின் வழித்தோன்றல்கள் பறவைகளுக்கு எளிய இரையாகி அருகிப்போயிருப்பார்கள்.

நிற மாற்றம் சரி. நரம்போடும் காம்போடும் காய்ந்த இலையாகவே தோன்றும் இறக்கை படிப்படியாக எப்படி வரும்? பாதி இலை எதற்கு உதவும்?

இக்கேள்வி பழையது, தகுதியுள்ளது. 1871-இல் உயிரியலாளர் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் இதை டார்வினுக்கு எதிராக எழுப்பினார். டார்வின் 1872-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் தம் நூலின் ஆறாம் பதிப்பில், அத்தகைய பூச்சிகளின் முன்னோர்களிடம் தற்செயலாகவே ஓரளவு ஒப்புமை இருந்திருக்க வேண்டும், அதன்மேல்தான் தேர்வு வேலை செய்தது என்று விடை கூறினார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் கல்லிமா ஹார்ஸ்ஃபீல்டி என்ற வண்ணத்துப்பூச்சியை நினைத்துக்கொள்வோம். இறக்கையை விரித்தால் நீலமும் வெண்பட்டையும் தெரியும்; மூடினால் நடுநரம்பு ஓடும் சருகு. இந்த நரம்பு புதிதாக எங்கிருந்தோ வந்ததன்று. இக்குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கைகளில் பட்டைகளும் கண்புள்ளிகளும் ஒரு பொது அடித்தளத் திட்டத்தின்படி அமைந்திருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் பல இனங்களின் இறக்கைக் கோலங்களை ஒப்பிட்டு, அவற்றின் மூதாதைக் கோலங்களை வம்சாவளி மரத்தின் வழியே மீட்டெடுத்தபோது, அதே பட்டைகள் படிப்படியாக நகர்ந்தும் நேராகியும் ஒன்றோடொன்று இணைந்தும் இலைநரம்பாகத் தோன்றும் நிலையை அடைந்தன என்று கண்டனர். இடைநிலைக் கோலங்கள் வெறும் ஊகமல்ல. அவற்றை ஒத்த கோலங்கள் இன்றும் உறவினங்களில் காணப்படுகின்றன.

பாதி இலை எதற்கு உதவும் என்று கேட்கும்போது, பறவை எப்போதும் பூச்சியை ஓர் அடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், நேரம் எடுத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்கிறோம். உண்மையில் பறவை பறந்துகொண்டே, ஓரக்கண்ணால், விடியற்காலையின் மங்கலில், இலைகள் ஆடும்போது தேடுகிறது. இருபது அடியில், அரை நொடிப் பார்வையில், வெறும் பழுப்பு நிறமே உயிர்காக்கப் போதும். பத்து அடியில் ஓரம் இலைபோல் வளைந்திருப்பது உதவும். மூன்றடியில் நரம்பு உதவும். தூரத்தாலும் வெளிச்சத்தாலும் வேகத்தாலும் ஏமாறும் பார்வைகள் எண்ணற்றவை என்பதால், ஒப்புமையின் ஒவ்வொரு படியும் எங்கோ ஒரு சூழலில் ஓர் உயிரைக் காக்கும். எளிய ஏமாற்றுகளுக்கு ஏமாறாத பறவைகள் மிஞ்சும்போது, அடுத்த நுணுக்கத்துக்கு மதிப்புக் கூடுகிறது.

இந்த வேலை மிகப் பழையது என்பதற்குப் புதைபடிவச் சான்றும் உண்டு. ஜெர்மனியின் மெஸ்ஸெல் படிவுகளில் கிடைத்த 4.7 கோடி ஆண்டுப் பழமையான இலைப்பூச்சி, இன்றைய இலைப்பூச்சிகளைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

பின்புலத்தின் நிறத்தோடு ஒத்திருப்பது மட்டும்தான் உருமறைப்பா?

இல்லை. உடலின் விளிம்பைக் குலைப்பது இன்னொரு வழி. கண் ஒரு பொருளை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் விளிம்பைக் கொண்டே. கோடுகளும் திட்டுகளும் விளிம்பை வெட்டிச் சென்றால் பொருள் துண்டு துண்டாகத் தெரியும். இன்னஸ் கட்ஹில்லும் உடனாய்வாளர்களும் 2005-இல், முக்கோணக் காகித அந்துப்பூச்சிகளில் புழுவைப் பொருத்தி ஓக் மரங்களில் வைத்தபோது, ஒரே நிறங்கள் கொண்டவற்றில் விளிம்பைத் தொடும் திட்டுகள் உள்ளவை, உட்பக்கத்தில் மட்டும் திட்டுகள் உள்ளவற்றைவிட நெடுநேரம் பறவைகளுக்குத் தப்பின.

மற்றொன்று, முதுகு கறுத்து வயிறு வெளிறியிருப்பது. மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளிச்சமாக்கி வயிற்றை நிழலாக்கும். நிறம் அதற்கு எதிராக அமைந்தால் உடலின் திரட்சி தெரியாமல் தட்டையாகும். மேலே கருநீலமும் கீழே வெள்ளியுமாக இருக்கும் வஞ்சிரத்தையோ மத்தியையோ மீன் சந்தையில் பார்த்தவர்கள் இக்கோலத்தைப் பார்த்திருக்கிறார்கள். கடலில் மேலிருந்து பார்ப்பவருக்கு முதுகு ஆழத்தின் இருளோடும், கீழிருந்து பார்ப்பவருக்கு வயிறு வானின் ஒளியோடும் கலக்கிறது.

நடத்தையும் தேர்வுக்கு உட்பட்டதே. தரையில் முட்டையிடும் பறவைகளான பக்கிகளையும் உப்புக்கொத்திகளையும் ஜாம்பியாவில் ஆராய்ந்தவர்கள், இரைகொல்லியின் பார்வைக்கேற்பக் கூடுகளைப் படமெடுத்து அளந்தனர். ஆபத்து மிக அருகில் வரும்வரை எழாமல் அடைகாக்கும் பக்கிகளின் கூடுகள் பிழைப்பது தாய்ப்பறவையின் சிறகுக் கோலம் சுற்றுப்புறத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைப் பொறுத்திருந்தது. தொலைவிலேயே எழுந்து ஓடிவிடும் உப்புக்கொத்தி போன்றவற்றின் கூடுகளுக்கோ முட்டையின் கோலமே முக்கியமாயிற்று. எது இரைகொல்லியின் கண்ணுக்கு முன்னால் விடப்படுகிறதோ, அதைத்தான் தேர்வு செதுக்குகிறது. மேலும், ஒவ்வொரு பறவையும் தன் இனத்தின் மற்றப் பறவைகளுக்குப் பொருந்துவதைவிடத் தனக்கே நன்கு பொருந்தும் இடத்தைத் தேர்ந்து அமர்கிறது என்றும் அதே குழு பின்னர் காட்டியது.

பச்சைக் காட்டில் ஆரஞ்சு நிறப் புலி எப்படி மறைந்திருக்கிறது?

புலியை நம் கண்ணால் பார்ப்பதால் எழும் கேள்வி இது. மனிதருக்கு மூவகை நிற உணர்விகள் உண்டு; புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருவகையே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத அந்தக் கண்ணுக்கு, புலியின் ஆரஞ்சும் புல்லின் பச்சையும் ஏறத்தாழ ஒரே நிறம். பாலூட்டிகளின் உரோமத்தில் உள்ள நிறமிகள் கறுப்பு முதல் பழுப்பு, செம்மஞ்சள் வரையே தரும்; பச்சை நிறமி அவற்றுக்கு இல்லை. ஆகவே தேர்வு, கையிலிருந்த நிறமிகளைக் கொண்டு மானின் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றும் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. முதுமலையில் புலியைக் கண்டதும் குரல் எழுப்பும் குரங்குகளுக்கு, நம்மைப் போலவே அது பளிச்சென்று தெரியும்.

மாறாக, நம் கண்ணுக்கு மறைந்திருப்பது வேறு கண்ணுக்கு மறையாமலும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் நண்டுச்சிலந்தி ஒன்று வெள்ளைப் பூவின்மேல் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அது புறஊதாக் கதிரை எதிரொளிப்பதால் தேனீயின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பளிச்சே தேனீயை ஈர்க்கிறது. எந்த உருமறைப்பைப் பற்றிப் பேசும்போதும், யாருடைய கண்ணுக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெவ்வேறு இடங்களில் ஒரே நிறம் உருவானால், காரணமான மரபணுவும் ஒன்றாகவே இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தென்மேற்கின் வெளிறிய பாறைகளில் வாழும் பாறைப் பை எலிகள் மணல் நிறமானவை. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளில் வாழ்பவை கறுப்பு. அரிசோனாவை ஒட்டிய பினகாத்தே கரும்பாறைகளில் உள்ள எலிகளின் கறுப்புக்கு எம்.சி.1.ஆர். என்ற மரபணுவில் நேர்ந்த நான்கு மாற்றங்களோடு தொடர்பு உண்டு என்று 2003-இல் கண்டறியப்பட்டது. ஆனால் நியூ மெக்சிகோவின் கரும்பாறைகளில், பார்க்க அதே மாதிரியான கறுப்பு எலிகளிடம் அந்த மாற்றங்கள் இல்லை. வேறு மரபணுக்களின் வழியே அதே இடத்துக்கு அவை வந்து சேர்ந்திருக்கின்றன. ஆந்தைக்கு எலியின் முதுகுதான் தெரியும், மரபணு தெரியாது.

மரபணு, நிறம், உயிர்பிழைத்தல் ஆகிய மூன்றையும் ஒரே சோதனையில் கோத்தவர்கள், நெப்ராஸ்காவின் சாண்ட் ஹில்ஸ் மணற்குன்றுகளில் மான் எலிகளை ஆராய்ந்தவர்கள். அக்குன்றுகள் கடைசிப் பனியுகத்துக்குப் பின், சுமார் 8,000 முதல் 15,000 ஆண்டுகளுக்குள் உருவானவை. அங்குள்ள எலிகள் சுற்றியுள்ள கருமண் நிலத்து எலிகளைவிட வெளிறியவை. ஆய்வாளர்கள் வெளிர்மணலிலும் கருமண்ணிலும் 50 மீட்டர் பக்கமுள்ள அடைப்புகளை, மேற்புறம் பறவைகளுக்குத் திறந்தபடி அமைத்து, இருவகை எலிகளையும் கலந்து விட்டனர். சில மாதங்களில் மணல் அடைப்புகளில் எஞ்சியவை சராசரியில் வெளிறியும், கருமண் அடைப்புகளில் எஞ்சியவை கறுத்தும் இருந்தன. அகூட்டி மரபணுவில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை (புரதத்தின் ஓர் அடிப்படைத் துண்டை) நீக்கும் மாற்றம் உரோமத்தை வெளிறச் செய்கிறது என்பதையும், அடைப்புகளில் அதன் பங்கு அதற்கேற்ப மாறியது என்பதையும் 2019-இல் அவர்கள் வெளியிட்டனர். ஒரு டி.என்.ஏ. மாற்றத்திலிருந்து ஆந்தையின் அலகுவரை இடைவெளியின்றிப் பின்தொடர்ந்த ஆய்வுகள் மிகச் சிலவே.

பச்சோந்தியும் கணவாயும் நொடியில் நிறம் மாறுகின்றனவே, அதுவும் இயற்கைத் தேர்வா?

நிறம் மாறும் திறன் தேர்வால் வந்தது. ஒவ்வொரு முறை மாறுவது உடலியல் செயல். கணவாயின் தோலில் உள்ள நிறமிப் பைகளைத் தசைகள் இழுத்து விரிக்கின்றன. மூளை நேரடியாக ஆணையிடுவதால் ஒரு நொடிக்குள் கோலம் மாறுகிறது. வியப்பு என்னவென்றால், கணவாய்க்கு ஒரே வகை ஒளி உணர்வி மட்டுமே உண்டு. நாம் அறிந்த பொருளில் அது நிறக்குருடு. பச்சோந்தியைப் பற்றிய பொது எண்ணம் திருத்தப்பட வேண்டியது. தென்னாப்பிரிக்கக் குட்டைப் பச்சோந்திகளை ஒப்பிட்ட ஆய்வில், நிறம் மாறும் திறன் மிகுந்த இனங்கள் பலவகைப் பின்புலங்களில் வாழ்பவையாக இல்லை. தம் இனத்துக்குள் பளிச்சென்ற சைகைகள் காட்டுபவையாக இருந்தன.

இரை மறையக் கற்றால், இரைகொல்லியும் கண்டுபிடிக்கக் கற்காதா?

கற்கும், அதனால்தான் ஒரே இனத்துக்குள் பல கோலங்கள் நிலைக்கின்றன. அடிக்கடி கிடைக்கும் ஒரு கோலத்தைப் பறவை விரைவாகத் தேடக் கற்றுக்கொள்கிறது. அப்போது அரிய கோலம் உடையதற்கு, அது அரியது என்பதாலேயே பயன் கிடைக்கிறது. ஆலன் பாண்டும் ஆலன் காமிலும் நீலஜே பறவைகளுக்குக் கணினித் திரையில் அந்துப்பூச்சி உருவங்களைக் காட்டி, பறவைகள் கண்டுபிடித்தவற்றை நீக்கி, தப்பியவற்றைக் கணினியில் இனம்பெருக்கி, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தனர். 2002-இல் வெளியான முடிவின்படி, அந்த உருவங்கள் கண்டுபிடிக்கக் கடினமானவையாகவும், ஒன்றுக்கொன்று மேலும் வேறுபட்டவையாகவும் ஆயின. இரையும் இல்லை, இரத்தமும் இல்லை. பறவையின் கண் மட்டும் உண்மையானது. அதுவே போதுமானதாயிற்று.

அப்படியானால் எல்லா விலங்குகளும் மறைந்தல்லவா இருக்க வேண்டும்?

பிழைப்பது மட்டும் போதாது, இணையையும் கண்டடைய வேண்டும். டிரினிடாட்டின் ஓடைகளில் கப்பி மீன்களை ஆராய்ந்த ஜான் எண்ட்லர், கொடிய இரைகொல்லி மீன்கள் உள்ள இடத்தில் ஆண் கப்பிகளின் வண்ணப்புள்ளிகள் குறைந்தும், இல்லாத இடத்தில் பெருகியும் இருப்பதைக் கண்டார். இரைகொல்லி மிகுந்த ஓடையிலிருந்து, அபாயம் குறைந்த ஓடைக்கு மாற்றிய மீன்களின் சந்ததிகள் ஏறத்தாழ 15 தலைமுறைகளில் வண்ணம் மிகுந்தவையாயின. பெண் மீன்களின் விருப்பம் மேலோங்கியது. செயற்கைக் குளங்களில் செய்த சோதனையில், இரைகொல்லி இருந்தபோது புள்ளிகளின் அளவு அடித்தளக் கூழாங்கல்லின் அளவை ஒத்துவந்தது. இல்லாதபோது அதற்கு மாறாக அமைந்தது.

நச்சுடையவை தம்மை விளம்பரப்படுத்திக்கொள்கின்றன. நிறம் உடல் வெப்பத்தையும் பாதிக்கிறது. எனவே காணும் நிறத்துக்கெல்லாம் உருமறைப்பு என்று பெயரிடுவதும் பிழையே. முதுகு கறுத்து வயிறு வெளிறும் கோலத்தைச் சிறப்பாக விளக்கிய ஓவியர் ஆபட் தேயர், பூநாரைகள் இளஞ்சிவப்பாக இருப்பது அந்தி வானத்தில் கரைவதற்கே என்றும் வாதிட்டார். நல்ல கருத்து ஒன்றைக் கையில் வைத்திருப்பவர், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சோதித்தே அறிய வேண்டும்.

சூழல் வேகமாக மாறினால் உருமறைப்பு என்ன ஆகும்?

வட அமெரிக்கப் பனிமுயல் கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. உரோமம் மாறும் நாளைத் தீர்மானிப்பது பகற்பொழுதின் நீளம். பனி எப்போது விழுகிறது என்பதன்று. வெப்பம் உயர்ந்து பனி தாமதமாக விழுந்து விரைவில் உருகும்போது, வெள்ளை முயல் பழுப்பு நிலத்தில் எல்லார் கண்ணிலும் படுகிறது. மொன்டானாவில் கழுத்துப்பட்டை மாட்டி முயல்களைத் தொடர்ந்தவர்கள், நிலத்தோடு முற்றிலும் பொருந்தாத நிறமுள்ள முயல்களின் வாராந்திரப் பிழைப்பு 7 விழுக்காடு வரை குறைந்ததாக 2016-இல் எழுதினர்.

தேர்வுக்குத் தேவையான வேறுபாடு கையிருப்பில் இருந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். பனி குறைந்த பசிபிக் கரையோரத்தில் சில பனிமுயல்கள் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கின்றன. அதற்குக் காரணமான அகூட்டி மரபணு வடிவம், முற்காலத்தில் கருவால் முயல் என்னும் வேறோர் இனத்தோடு நேர்ந்த கலப்பின் வழியே வந்தது என்று 2018-இல் கண்டறியப்பட்டது. வெள்ளையும் பழுப்பும் கலந்து வாழும் இத்தகைய நிலப்பகுதிகளில்தான், பனி குறையும் காலத்துக்கு ஏற்பக் கூட்டத்தின் நிறம் மாறுவதற்கான வாய்ப்பு மிகுதி. அதனால் அப்பகுதிகளைக் கண்டறிந்து, அங்குள்ள கூட்டங்களைப் பெரிதாகவும், ஒன்றோடொன்று தொடர்பு அறாமலும் காக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர்.